இன்னும் எவ்வளவு தூரம்?

மலையடிவாரத்து அமிர்தியில் பஸ் நின்ற இடத்திலிருந்த டீக்கடையில் மூன்று கிளாஸ் டீ வந்தது. இரண்டு காலியாயின. மூன்றாவது ஆடை கட்டி ஆறிக்கொண்டிருந்தது. அதைக் குடிக்க வேண்டிய துப்பறியும் ஏகாம்பரம் குடையைச் சுழற்றியபடி ரோட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"சார், மலை அந்தாண்ட இருக்குது," என்றான் அவருடைய உதவியாளன் இக்பால். "ரோட்டுலயே பாதி மலை ஏறிட்டீங்க."

"உட்கார முடியலைடா."

"பெஞ்சுல ஆணியா?"

"மனசுல. திருடினவன் பிடிபட்டா பொய் சொல்வான். கொலை செஞ்சவன் அதைவிடப் பெரிய பொய்யாச் சொல்வான். இந்த மாதையன் ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறான்?"

கேள்வி நியாயமானதுதான். அந்தத் தை மாதம், 1961ஆம் வருஷம், வேலூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் டிராயிங் மாஸ்டர் அருணகிரி காணாமல் போயிருந்தார். லீவு நாள் வந்தால் கான்வாஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ் அணிந்து, ஜவ்வாது மலையில் நாள் முழுக்க நடந்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புவது அவர் வழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை போனவர் திரும்பவில்லை. மறுநாள் அவருடைய பை, மலையில் சாமை பயிரிடும் மாதையன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் தொங்கியது. பைக்காக ஆளை அடித்துக் கொன்று எங்கோ புதைத்துவிட்டான் என்று முடிவுகட்டி, அடிவாரத்துக் காவல் நிலையத்தில் மாதையனை அடைத்துவிட்டார்கள்.

நேற்று மாலை ஏகாம்பரம் அவனைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தார். உதடு வீங்கியிருந்தது. "மாஸ்டர் எங்கேப்பா?" என்று கேட்டார். மாதையன் சுவரைப் பார்த்தான். கொன்றேன் என்றும் சொல்லவில்லை, கொல்லவில்லை என்றும் சொல்லவில்லை.

"போலாமா சார்?" என்று எழுந்தார் பெஞ்சிலிருந்த மூன்றாவது ஆள். ஜெயராமுலு. வேலூரில் பெரிய மரவாடி வைத்து மர வியாபாரம் செய்பவர். அருணகிரியின் நண்பர். ஏகாம்பரத்தை இந்த வழக்குக்கு அமர்த்தியவரும் அவர்தான். "உடம்பையாவது கண்டுபிடிச்சுக் குடுத்துடுங்க சார். அவன் சம்சாரம் அழறதப் பாக்க முடியல. நானும் கூட வர்றேன். மலைன்னா எனக்கு இன்னான்னே தெரியாது, இதான் மொத தபா. இருந்தாலும் சிநேகிதனாச்சே, வூட்ல குந்தினு இருக்க முடியுமா?"

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். மாதையனின் மனைவி மாணிக்கம்மாள். வற்றிய உடம்பு, இடுப்பில் கொடுவாள், தோளில் துணி மூட்டை. மாஸ்டர் வழக்கமாக நடக்கும் இடங்களைக் காட்ட முடியுமா என்று ஏகாம்பரம் நேற்றே சொல்லி அனுப்பியிருந்தார். காட்டுகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டாளாம். அந்த 'உடனே' கூட அவருக்குச் சரியாகப் படவில்லை.

"முதல்ல உங்க வீட்டைப் பார்க்கலாமா அம்மா?"

"வூட்டுல இன்னாங்க இருக்குது? சட்டி பானை மொதக்கொண்டு போலீசு கொட்டிக் கவுத்துட்டாங்க. வாங்க, மாஸ்டரய்யா போற வழியக் காட்டறேன்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மூவரும் பின்னால் போனார்கள்.

பாதை மூங்கில் புதருக்குள் நுழைந்து, பாறைகளைச் சுற்றி, செங்குத்தாக ஏறியது. இக்பால் வாணியம்பாடிக்காரன். அவன் மாமா தோல் ஷாப்பில் செய்து கொடுத்த பளபளப்பான புது ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தான். முதல் மேட்டிலேயே அது அவனைக் கடிக்க ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, இன்னும் எவ்வளவு தூரம்?"

"தோ, அந்த மேடு ஏறுனா வந்துடும்."

மேடு ஏறினார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு மேடு இருந்தது.

"அக்கா, இன்னும் எவ்வளவு தூரம்?"

"தோ, அந்த மேடுதான்."

"மலைல மேட்டையெல்லாம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ஒளிச்சு வெச்சிருக்காங்க சார். ஜெயராமுலு ஐயா, நீங்களாவது கேளுங்க. பெரிய மனுஷன் கேட்டா மலை கொஞ்சம் கொறைச்சுக்கும்."

ஜெயராமுலு சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார். தடித்த உடம்பானாலும் மூச்சைச் சேமித்து, சீராக ஏறினார்.

அறுத்த சாமைத் தாள்கள் நின்ற கொல்லைகளைக் கடந்தார்கள். ஆள் ஒருவரும் கண்ணில் படவில்லை. ஆனால் ஆள் உயரப் புல்லுக்குள் எங்கோ குருவி கூவியது போல ஒரு சீட்டி எழுந்தது. சற்று நேரத்தில் முன்னால் இன்னொன்று. பின்னால் ஒரு கல் உருண்டது. இக்பால் திரும்பிப் பார்த்தான். புல் அசைந்தது, பிறகு நின்றது.

"காத்து," என்றாள் மாணிக்கம்மாள், அவன் கேட்காமலே.

"காத்துக்குக் கால் இருக்குதா அக்கா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். ஏகாம்பரம் அவளையும் பார்த்தார், புல்லையும் பார்த்தார். குடை இன்னும் வேகமாகச் சுழன்றது.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஓர் ஓடைக்கரையில் நின்றார்கள். ஜெயராமுலு முகம் கழுவப் போனவர், அக்கரையில் ஏறிய ஒற்றையடிப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கம் போனா ஆவாதா?" என்று மாணிக்கம்மாளைக் கேட்டார்.

"அங்க ஒண்ணும் இல்லீங்க."

மாணிக்கம்மாள் மூட்டையை அவிழ்த்தாள். கேழ்வரகுக் களியும் கொள்ளுக் கடையலும். மூட்டையைக் கட்டியிருந்த கயிறு தரையில் விழுந்தது. இக்பால் அதை எடுத்தவன், விரலால் நீவிப் பார்த்தான். அவள் அதைச் சட்டென்று பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

சற்றுத் தள்ளிப் பாறை மறைவுக்கு வந்ததும் இக்பால் குரலைத் தாழ்த்தினான். "பூட்ஸ் நாடா சார். மெழுகு போட்டது. கணுக்காலுக்கு மேல ஏர்ற பூட்ஸுக்குப் போடறது. தோல் ஊர்க்காரன் கிட்ட கேட்டா கண்ணக் கட்டிக்கினு சொல்வான். ஒரு நுனில தகடு இருக்குது. இன்னொரு நுனிய அறுத்திருக்காங்க."

ஏகாம்பரத்தின் குடை நின்றது. "அவிழ்க்கலையா?"

"இல்ல சார், கத்தியால ஒரே வெட்டு."

"செத்தவன் காலிலேர்ந்து பூட்ஸ் திருடறவன் நாடாவை அறுப்பானா?"

"எவன் அறுப்பான்? அவுத்துக்கினு போய் விப்பான். நாடா அறுந்த பூட்ஸ எவன் வாங்குவான்?"

"அப்போ எதுக்கு அறுக்கணும்?"

இக்பால் தன் ஷூவைப் பார்த்தான். உள்ளே குதிகால் புடைத்து எரிந்தது. "கால் வீங்கியிருந்தா... அவுக்கறப்போ உசுரு போற மாதிரி வலிக்கும் சார்."

"வலிக்கக் கூடாதுன்னு யாரோ அறுத்திருக்காங்க. செத்தவனுக்கு வலிக்குமா?"

இக்பாலின் கண்கள் அகன்றன. "யா அல்லா! மாஸ்டர் உசுரோட இருக்காரு! ஜெயராமுலு ஐயா கிட்ட சொல்லிட்டு வர்றேன், சந்தோஷப்படுவாரு..."

எழுந்தவனின் கையை ஏகாம்பரம் இழுத்து உட்கார வைத்தார். "வாயைத் திறக்காதே."

"ஏன் சார்?"

"இன்னொண்ணு உறுத்துது. அது என்னன்னு பிடிபடலை. காலையிலேர்ந்து உறுத்துது."

மறுபடி நடந்தார்கள். கடுக்காய் மரங்கள், நெல்லி மரங்கள், மறுபடி புல். வெயில் முகத்தில் அடித்தது, பிறகு முதுகில் அடித்தது, பிறகு மறுபடி முகத்தில். கிளை முறிந்து தொங்கிய ஒரு பெரிய புளியமரத்தின் அருகே வந்ததும் இக்பால் நின்றுவிட்டான்.

"சார், இந்தப் புளியமரம் நம்மள விட ஜோரா நடக்குது. காலைல இத விட்டுட்டு வந்தோம். குறுக்கு வழில ஓடியாந்து முன்னாடி நிக்குது பாருங்க."

மாணிக்கம்மாளின் நடை ஒரு கணம் தடுமாறியது. ஏகாம்பரம் அதைப் பார்த்தார். ஜெயராமுலுவும் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"நாள் பூரா சுத்த விட்டுக்கினு இருக்கா சார், இந்தப் பொம்பள! மலைய சுத்திக் காட்டவா வந்தோம்? பாறைப் பக்கமே கூட்டினு போவல!"

"அவரே சொல்லிட்டார்," என்று ஏகாம்பரமும் கோபமாக மாணிக்கம்மாளிடம் திரும்பினார். இக்பாலே திடுக்கிட்டான். அவர் ஒரு பெண்ணிடம் குரல் உயர்த்தி அவன் பார்த்ததில்லை. "எங்களை ஏமாத்தறியா? உன் புருஷனுக்காகத்தானே வந்தோம்! போதும். இனி நீ வழி காட்ட வேண்டாம். இக்பால், வெயில் சாயுது. கடைசி பஸ் போயிடுச்சுன்னா இங்கேயே கிடக்கணும். இந்த வலது பக்கப் பாதையில் இறங்கு. எப்படியும் கீழே கொண்டுபோய் விடும்."

இக்பால் ஓரடி வைத்தான்.

"அந்தாண்ட வேணாம்பா!" என்று கத்தினார் ஜெயராமுலு. "அது நேரா கழுகுப் பாறைல போய் முடிஞ்சிடும், கீழ அதல பாதாளம். இப்படி வா. அந்த நெல்லி மரத்தாண்ட திரும்பினா ஓடை. ஓடையோடவே எறங்கினா வெளிச்சம் இருக்கறப்பவே பஸ்ஸாண்ட போயிடலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது கேட்டது போலிருந்தது.  புல்லுக்குள் சீட்டி நின்றிருந்தது.

ஏகாம்பரம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இப்போ பிடிபட்டுடுச்சு இக்பால். நீ காலையிலேர்ந்து எத்தனை தடவை கேட்டே, இன்னும் எவ்வளவு தூரம்னு?"

"கணக்கு வெச்சுக்கல சார். கால் கிட்ட கேளுங்க."

"நானும் கேட்டேன். முதல் தடவை மலை ஏறுற எவன் வாயிலும் அந்தக் கேள்விதான் முதல்ல வரும். ஜெயராமுலு சார் ஒரு தடவை கூடக் கேட்கலை. எவ்வளவு தூரம்னு தெரிஞ்சவர் எதுக்குக் கேட்கணும்?"

"இன்னா சார் வெளையாட்டு? யாரோ வழி சொன்னாங்க, ஞாபகம் வந்துது..."

"என்னை அமர்த்தின அன்னிக்கு நீங்க 'அருணகிரியைத் தேடுங்க'ன்னு சொல்லலை. 'உடம்பைத் தேடுங்க'ன்னு சொன்னீங்க. யாரும் சொல்லாத பாறையை நீங்களே சொன்னீங்க. அதுக்குக் கீழே நீங்களே தேடியிருப்பீங்க. கிடைக்கலை. அதான் மோப்பம் பிடிக்க ஒரு நாய் வேணும்னு என்கிட்ட வந்தீங்க. ஒரு விஷயம் சார். நீங்க தேடற உடம்பு இந்த மலையிலேயே எங்கேயோ உசிரோட களி தின்னுக்கிட்டு இருக்கு."

ஜெயராமுலு அந்தத் தடித்த உடம்போடு பாய்ந்தது யாரும் எதிர்பாராதது. மாணிக்கம்மாளின் இடுப்பிலிருந்த கொடுவாளை உருவி, அவள் முடியைப் பிடித்து, வலது பக்கப் பாதையில் பின்னோக்கி இழுத்தார்.

"எங்க வெச்சிருக்க அவன? சொல்லுடி! இல்லன்னா அவன் போன வழில உன்னையும் அனுப்பிடுவேன்!"

இக்பால் முன்னால் போனான். கொடுவாள் அவன் மூக்குக்கு நேரே நீண்டது. அவன் நின்றான்.

"ஐயா," என்றான் இக்பால். "காத்துக்குக் கால் இருக்குதுன்னு காலைலயே சொன்னேன். கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

ஆள் உயரப் புல் விலகியது. ஒருவர், இருவர், பிறகு எண்ணிக்கொண்டிருக்க முடியாதபடி ஆண்களும் பெண்களும் எழுந்து நின்றார்கள். மாதையனின் உறவுக்காரர்கள். காலை முதல் சீட்டியடித்துக்கொண்டு கூடவே நடந்தவர்கள். எல்லார் கையிலும் கொடுவாள். யாரும் சத்தம் போடவில்லை. அந்த மௌனம்தான் ஜெயராமுலுவின் கையைத் தளர்த்தியது. கொடுவாள் கீழே விழுந்தது. அவருடைய துண்டாலேயே அவர் கைகளைக் கட்டினார்கள்.

மாணிக்கம்மாள் கூந்தலை முடிந்துகொண்டு ஏகாம்பரத்தின் முன் வந்து நின்றாள்.

"ஒங்களையும் அவன் ஆளுன்னுதான் நெனைச்சிட்டேங்க. அவன் கூடத்தானே வந்தீங்க."

"நீ நினைச்சது சரிதான் அம்மா. நான் அவன் ஆளாத்தான் வந்தேன், தெரியாம. உன் மேல கத்தினதுக்கு மன்னிச்சுடு. அவன் வாயிலேர்ந்து வழியை வாங்கணும், அதுக்காக."

"இவரு பேசறதக் கேட்டுட்டு," என்று இக்பாலைக் காட்டினாள், "சிரிச்சிடக் கூடாதுன்னு ஒதட்டக் கடிச்சிக்கினே வந்தேன். புண்ணாப் போச்சு." முதல் தடவையாகச் சிரித்தாள். "வாங்க. இனிமே சுத்து வழி இல்ல."

மலையின் மறுசரிவில், கொல்லைக் காவலுக்குப் போட்ட புல் குடிசைக்குள் அருணகிரி படுத்திருந்தார். தாடி முளைத்திருந்தது. வலது காலில் மூங்கில் பட்டைகள் வைத்துத் துணி சுற்றியிருந்தார்கள். நாடா அறுந்த பூட்ஸ் தலைமாட்டில் கிடந்தது. கட்டுண்ட ஜெயராமுலுவை வாசலில் பார்த்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"போன மாசம் நடக்கறப்போ, ஒரு பள்ளத்துல சந்தனக் கட்டை அடுக்கி மறைச்சு வெச்சிருந்ததைப் பார்த்தேன்," என்றார் மெல்ல. "மர வியாபாரம் தெரிஞ்சவன்னு இவன்கிட்ட யோசனை கேட்டேன். இடத்தைக் காட்டு, ரெண்டு பேருமாப் போய் ஃபாரஸ்ட் ஆபீசுல சொல்லிடலாம்னான். ஊர்ல யாரும் பார்க்காம வேற வழியா வந்து மலையில சேர்ந்துக்கிட்டான். கட்டையே இவனுதுன்னு எனக்குத் தெரியாது சார். கழுகுப் பாறையில நின்னு சூரியனைப் பார்த்துக்கிட்டிருந்தேன். முதுகுல கை வெச்சான்."

விழுந்தவரைப் பாதி வழியில் ஒரு மரம் தாங்கியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாதையன் இறங்கிப் போய் அவரை முதுகில் சுமந்து வந்தான். இடறாமல் நடக்க வேண்டும் என்று பையை மட்டும் வீட்டுக்கொட்டகையில் மாட்டிவிட்டு வந்தானாம்.

"ஆபீசுல, ஸ்டேஷன்ல எல்லாம் இவனுக்கு ஆள் இருக்குன்னு பயந்தேன். நான் எழுந்து நிக்கற வரைக்கும் நான் இருக்கறது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மாதையன்கிட்ட சத்தியம் வாங்கினேன்." அருணகிரி சுற்றும் பார்த்தார். "மாதையன் எங்கே? சந்தைக்குப் போனவர் இன்னுமா வரலை?"

 மாணிக்கம்மாள் தரையைப் பார்த்தாள்.

"அம்மா?"

"சந்தைக்குப் போவலீங்க," என்றாள். "ஒங்களக் கொன்னுட்டாருன்னு போலீசு புடிச்சினு போயிட்டாங்க. ஒங்க கிட்ட சொன்னா ஒடஞ்ச காலோட நீங்க எழுந்து ஓடுவீங்க. இவன் வழில நின்னுக்கினு இருப்பான். அதான் சொல்லல."

அருணகிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நாளாக இந்தப் பெண் அவருக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள், காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள். அவரைக் கொன்றதாகத் தன் புருஷன் அடிபட்டுக்கொண்டிருப்பது தெரிந்தே கொடுத்தாள். அவர் முகம் கோணியது. கையை ஊன்றி எழ முயன்றார். வலியில் கத்திவிட்டு மறுபடி ஊன்றினார்.

"தூக்குங்க என்னை. இப்பவே. தூக்குங்கய்யா!"

மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தூளி செய்தார்கள். முறை வைத்துத் தோள் மாற்றி, ஓடை வழியே ஓட்டமும் நடையுமாக இறங்கினார்கள். இக்பால் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஒரு முனையைத் தோளில் சுமந்தான். வழி நெடுக அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏகாம்பரம் முன்னால் ஓடுவதும் நின்று திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தார். கல் தடுக்கும்போதெல்லாம் அருணகிரி முனகினார். நிறுத்தட்டுமா என்று கேட்டால், "போங்க, போங்க" என்றார்.

காவல் நிலையத்தில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த நேரம். தூளியோடு மலைச் சனம் முழுவதும் உள்ளே நுழைந்ததைக் கண்டு ஏட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"யாருய்யா இது?"

"கொலை செய்யப்பட்டவர்," என்றார் ஏகாம்பரம். "சாட்சி சொல்ல வந்திருக்கார். எழுதிக்குங்க."

கம்பிகளுக்குப் பின்னால், சுவரோரம் சுருண்டு கிடந்த மாதையன் சத்தம் கேட்டு எழுந்து வந்தான். மனைவியைப் பார்த்தான். கட்டுண்ட ஜெயராமுலுவைப் பார்த்தான். பிறகு தூளியில் கிடந்தவரைப் பார்த்ததும் அவன் முகம் பதறியது. கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வீங்கிய உதடுகளை அசைத்து, அந்த நிலையத்தில் முதல் தடவையாக வாய் திறந்தான்.

"சாமி, நான் யார் கிட்டயும் சொல்லலீங்க."

அருணகிரி தூளியிலிருந்து கையை நீட்டினார். கம்பி வரை எட்டவில்லை. இக்பால் தன் முனையைத் தோளிலிருந்து இறக்காமலே, இன்னும் ஓரடி முன்னால் போனான்.